வெளிக்கொண்டி

பள்ளிக்கூடம் விட்டு வந்து பெற்றீசியா டீச்சர் குடையை உதறிச் சாய்த்தபோது, அப்பா நடுவறையில் பின்சுவரோடு காதை ஒட்டவைத்து நின்றுகொண்டிருந்தார். அவள் வந்த சத்தம் கேட்டும் திரும்பவில்லை. ஒரு விரலை மட்டும் உயர்த்தி, பேசாதே என்று காட்டினார். அவளும் நின்றாள். தகரக் கூரையிலிருந்து ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே பள்ளத்தில் ஃபெக்டரி முனகிக்கொண்டிருந்தது. வேறொன்றும் அவள் காதில் விழவில்லை.

“என்னாங்கப்பா?”

“மேலே ஒருத்தி தட்டுறா.”

“மேலே யாரு இருக்கா? தேயிலைதானே.”

அவர் சுவரிலிருந்து காதை எடுத்து அவளை ஏற இறங்கப் பார்த்தார். பார்வையில் கனிவு இருந்தது, அவளை அடையாளம் தெரிந்த குறி இல்லை. “நீ எந்த லயம்மா? காய்ச்சலா? வெளியில நில்லு, கூப்பிடுறேன்.”

மணி நாலே முக்கால். அவளை அவர் மறந்தது அதுதான் முதல் தடவை.

1957 நவம்பர் அது. அக்கரப்பத்தனைப் பக்கத்தில் அந்த மாதங்களில் பகல் என்பது பாதிப் பகல்தான். நாலு மணிக்கே வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிவிடும். பள்ளத்திலிருந்து மூடுபனி கிளம்பி, முதலில் ஃபெக்டரிக் கூரையை விழுங்கி, பிறகு தொழிலாளர் குடியிருக்கும் லயங்களை, பிறகு பள்ளிக்கூடத்தை, கடைசியாகப் பாதையின் மேல்புறம் தனியாக நின்ற டீச்சர் குவாட்டர்ஸை விழுங்கும். கதவிடுக்கில் கோணிச் சாக்கைச் செருகி வைத்தாலும் அது உள்ளே வந்து, மேசைமேல் இருக்கும் கொப்பிகளின் தாளை ஈரமாக்கிவிடும்.

அப்பா றோலண்ட் முப்பத்துநாலு வருஷம் அந்தத் தோட்டத்து மருந்துச்சாலையில் மருந்து கொடுத்தவர். படித்துப் பட்டம் வாங்கிய டாக்டர் இல்லை; ஆனால் பெரிய தொரை முதல் பிள்ளைமடுவத்து ஆயா வரைக்கும் எல்லோருக்கும் அவர் ‘டொக்டரய்யா’. வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மனைவி தெரேசாவும் போய்ச் சேர்ந்த பிறகு, மகளோடு இந்த வீட்டில் இருந்தார். காலையில் அவருக்கு ஒரு குறையும் கிடையாது. தானே சவரம் செய்துகொள்வார், பத்திரிகை படிப்பார், பெற்றீசியாவின் சேலை மடிப்பு சரியில்லை என்று சொல்வார். வெளிச்சம் மங்கத் தொடங்கினால்தான் அவர் போய் வேறொருவர் வந்துவிடுவார். வந்தவர் கார்பாலிக் சவுக்காரத்தால் கையைத் திரும்பத் திரும்பக் கழுவுவார். சாவியைத் தேடுவார். கிட்டே போனால் பின்வாங்கி, “தொடாதே தெரேசா, புள்ளைய உள்ளே கொண்டு போ” என்பார்.

நுவரெலியாவில் ஒரு சிங்கள டாக்டரிடம் அழைத்துப்போய்க் காட்டினாள். அவர் அமைதியாகக் கேட்டுவிட்டு, மூளை தேய்கிறது, மருந்து இல்லை என்றார். குளிர்காலத்தில் பகல் சுருங்குவதால் அந்தி நேரத்துத் தடுமாற்றம் கூடும், மாசி பிறந்தால் கொஞ்சம் தணியும் என்றார். இருட்டுவதற்கு முன்னமே எல்லா விளக்கையும் ஏற்றுங்கள். மூன்று மணிக்குப் பிறகு தேத்தண்ணி வேண்டாம். ஜன்னலை மூடுங்கள், இருட்டுக் கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துப் பயப்படுவார். எதிர்த்துப் பேசாதீர்கள், அவர் சொல்வதற்கு ஒத்துப்போங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த நேரத்தில் தனியாக விடாதீர்கள்.

அவள் நல்ல மாணவிபோல எல்லாவற்றையும் செய்தாள். நாலு மணிக்கு இரண்டு சிமினி விளக்கும் ஓர் அரிக்கேன் லாம்பும். ஜன்னலுக்குக் கம்பளி. ஐந்துக்குக் கொத்தமல்லி போட்டுக் காய்ச்சிய பால். ஐந்தரைக்குச் செபமாலை. கொழும்பில் ரயில்வேயில் வேலை செய்யும் தம்பி அந்தோனிமுத்துவுக்கு, நத்தார்ப் பண்டிகைக்காவது வந்து ஒரு வாரம் அப்பாவைப் பார்த்துக்கொள் என்று எழுதினாள். பதில் அட்டையில் வந்தது. பிள்ளைக்கு இருமல், அந்தக் குளிருக்குக் கொண்டுவர முடியாது, உனக்கென்ன அக்கா, குடும்பமா குட்டியா, ஆண்டவர் உன்னை இதற்காகத்தான் வைத்திருக்கிறார். அந்த அட்டையை அவள் அடுப்பில் போட்டாள். அது எரிந்து முடியும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

நத்தாருக்குப் பத்து நாள் இருந்தபோது ஓர் அந்தியில் அவர் பனியனோடு வெளியே போய்விட்டார். பாலை இறக்கிவைத்துத் திரும்புவதற்குள் கதவு திறந்து கிடந்தது. லாம்பைத் தூக்கிக்கொண்டு பாதைக்கு ஓடினாள். மூடுபனிக்குள்ளிருந்து ஒரு பெண் அவரைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு வந்தாள். தலையில் கொழுந்துக் கூடையின் கயிறு அப்படியே இருந்தது. பத்தாம் நம்பர் லயத்து நாகலெட்சுமி. அவளுடைய பிள்ளைகள் இரண்டு பேர் பெற்றீசியாவிடம் படித்தார்கள்.

“பள்ளிக்கூடத்துக் கதவைத் தட்டிக்கிட்டு நின்னாருங்க டீச்சரம்மா. நான் கொஞ்ச நேரம் இருக்கேன், நீங்க வேலையப் பாருங்க.”

அவள் கூடையை வாசல் இஸ்தோப்பில் வைத்துவிட்டு அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். அவர் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பார்க்கப் பார்க்க அவர் கை நடுக்கம் நின்றது.

“காளியாயி” என்றார்.

“ஆமாங்க அய்யா” என்றாள் நாகலெட்சுமி.

பழைய நோயாளி யாரோ என்று பெற்றீசியா நினைத்தாள். பெயரைத் திருத்தாமல் விட்டாளே, டாக்டர் சொன்னதை இவளுக்கு யாரும் சொல்லாமலே தெரிகிறதே என்று மனம் நெகிழ்ந்தது. மறுநாளும் நாகலெட்சுமி கொழுந்தை எடை போட்டுவிட்டு நேராக அங்கேதான் வந்தாள். அதற்கு மறுநாளும். ஒரு வாய் தேத்தண்ணி தவிர எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. அவள் வந்து உட்கார்ந்தால் அவர் அடங்கிவிடுவார். வாரக் கணக்கில் முதல் தடவையாகப் பெற்றீசியா அந்தி நேரத்தில் கொப்பி திருத்தினாள். ஒரு நாள் தன்னையறியாமல் ஏதோ பாட்டைக்கூட முணுமுணுத்தாள்.

ஜனவரி இரண்டாம் வாரம், குசினியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். நடுவறையில் இரண்டு பேரும் தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது. வழக்கமான பேச்சுத்தான் என்று இருந்தவள், ‘கதவு’ என்ற சொல்லைக் கேட்டுக் கரண்டியை நிறுத்தினாள்.

“கதவைத் தொறக்க ஏலாது காளியாயி. நீ செத்துட்டேன்னு புத்தகத்தில எழுதியாச்சு. அஞ்சு பேருன்னு தொரைக்குச் சொல்லியாச்சு. இனிமே தோட்டத்தில அம்மை இல்லைன்னு அவரு மேலே எழுதிட்டாரு. இப்ப நீ தட்டினா நான் என்னா செய்யிறது?”

நாகலெட்சுமி மருந்தை எத்தனை வேளை குடிக்கணும் என்று கேட்பவள்போல, மெதுவாகக் கேட்டாள்.

“நான் எத்தனை நாளு தட்டினேங்க அய்யா?”

கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

“மூணு நாள்” என்றார் அவர். “மூணாம் நாளு அந்தி வரைக்கும். அப்புறம் தட்டல, சொரண்டின. நான் கதவுக்கு வெளியிலதான் நின்னேன். கொண்டியில கைகூட வச்சேன், ஆண்டவர் மேல ஆணை. ஆனா எனக்கு ஆறு மாசக் கைப்புள்ள இருக்கு. உள்ளே வந்துட்டு அதை எப்படித் தூக்குவேன், சொல்லு? அதை எப்படித் தூக்குவேன்?”

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அம்மை வந்த வருஷம் தம்பி பிறந்திருக்கவில்லை; அப்போது றோலண்டுக்கு ஆறு மாதக் கைப்பிள்ளையாக இருந்தவள் பெற்றீசியாதான். அவள் வழிந்த பாலைத் துடைக்காமல் நின்றாள்.

நாகலெட்சுமி புறப்பட்டபோது பெற்றீசியா அவளை இஸ்தோப்பில் மறித்தாள்.

“காளியாயி யாரு?”

“எங்கம்மாங்க.”

“அவருக்குப் புத்தி சரியில்ல. வாய்க்கு வந்ததைச் சொல்றாரு.”

நாகலெட்சுமி கூடையின் கயிற்றைத் தலையில் சரிசெய்தாள். அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இல்லை.

“தோட்டம் முழுக்கத் தெரியும் டீச்சரம்மா. உங்களுக்குத்தான் தெரியாது. மேமலையில இருந்த அம்மைக் காம்பராவில அம்மைக்காரங்களை வச்சு வெளியில கொண்டியப் போட்டுடுவாங்க. எங்கம்மா தட்டினது காத்து இந்தப் பக்கம் அடிச்சப்போ லயத்துக்கே கேட்டுச்சாம். யாரும் போகல. எங்கப்பனும் போகல. எனக்கு அப்ப நாலு வயசு. அப்பன் சாகும்போது ஒரு நாள்தான் தட்டினான்னுச்சு. எங்க ஆயா ரெண்டு நாள்னுச்சு. சரியாத் தெரிஞ்சவரு இவரு ஒருத்தருதான். பகல்ல கேட்டா சொல்ல மாட்டாரு. அதுக்குத்தான் வந்தேன்.”

பெற்றீசியாவுக்கு அவள் காலில் விழவேண்டும்போல இருந்தது. அதே நேரத்தில், இவள் இந்த நாலு வாரமும் என் வீட்டுக்குள் உட்கார்ந்து என் அப்பாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டியிருக்கிறாள் என்றும் தோன்றியது. இரண்டாவதுதான் வாய்க்கு வந்தது.

“நாளையில இருந்து நீ வர வேணாம்.”

“சரிங்க.” படியிறங்கி இரண்டு எட்டு வைத்தபின் அவள் நின்றாள். “ஆனா அவரு தேடுவாருங்க. நான் வந்தா நான்தான் வருவேன். நான் வராட்டி…” மீதியைச் சொல்லாமல் மூடுபனிக்குள் போய்விட்டாள்.

தேடினார். மறுநாள் அந்தியில் பாலைத் தட்டிவிட்டார். செபமாலையைப் பிடுங்கி எறிந்தார். ஜன்னல் கம்பளியை இழுத்துவிட்டு, கொழுந்து நிறுத்துத் திரும்பும் சனம் பாதையில் போய்க்கொண்டிருக்கையில், மருந்துச்சாலையில் பெயர் கூப்பிடும் அதே கணீர்க் குரலில் கத்தினார். “காளியாயி உசுரோட இருக்கா. அஞ்சு இல்ல, நாலுதான். புத்தகத்தில அடிச்சு எழுதணும்.” பெண்கள் நின்றார்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. கூடைகளோடு அப்படியே நின்று கேட்டுவிட்டு நடந்தார்கள். பெற்றீசியா கம்பளியை இழுத்துத் திரும்ப மாட்டினாள். நாளைக்கு இவர்களின் பிள்ளைகள் முன்னால்தான் அவள் சோக்கட்டியோடு நிற்கவேண்டும்.

வீட்டின் பின்புறம் ஒரு சாமான் அறை இருந்தது. விறகும் உடைந்த பள்ளிக்கூடப் பெஞ்சுகளும் கிடந்தன. ஒரு சாண் அகலத்தில் கம்பி போட்ட ஜன்னல். சனம் கடந்து போகும் அரை மணி நேரத்துக்கு மட்டும் என்று சொல்லிக்கொண்டுதான் அவரை அதற்குள் விட்டு, வெளிக்கொண்டியை மாட்டினாள். முதல் நாள் உள்ளே லாம்பும் வைத்தாள். அவர் அதைக் கவிழ்த்து ஒரு பெஞ்சைக் கருக்கிவிட்டதால் அடுத்த நாள் வைக்கவில்லை. அரை மணி ஒன்றாயிற்று. ஒன்று இரண்டாயிற்று. அவர் தட்டுவார். மூன்று தட்டு, ஓர் இடைவெளி, மூன்று தட்டு. அவள் கொப்பிகளை விரித்து வைத்துக்கொண்டு, பிள்ளைகளின் கூட்டல் கணக்குகளுக்குச் சிவப்புச் சரி போட்டுக்கொண்டிருப்பாள். தப்பான விடைக்கும் சரி போட்டிருந்தது காலையில்தான் தெரியும். ஏழு மணிக்குத் திறந்தால் அவர் பெஞ்சோரம் குந்தி, நீலம் பாய்ந்த விரல்களைக் கக்கத்தில் செருகியிருப்பார். அவள் அந்த விரல்களைச் சுடுதண்ணீரில் வைத்துத் தேய்த்துவிடுவாள். ஒவ்வொரு நாளும் அழுவாள். ஒவ்வொரு நாளும் அடுத்த நாள் பூட்டுவாள்.

ஆறாம் நாள் திறந்தபோது ஒரு வாசனை வந்தது. அவளுக்கு அது என்னவென்று பிடிபடக் கொஞ்ச நேரம் ஆயிற்று. வேப்பிலை. கசக்கிய பச்சை வேப்பிலை. அந்தக் குளிருக்கு அந்தப் பக்கத்தில் எங்கும் வேப்பமரம் கிடையாது. அதற்கடியில் இன்னொரு நாற்றம், இனிப்பாக, பழம் அழுகுகிறமாதிரி. விறகில் பூஞ்சணம் பிடித்திருக்கிறது என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். விறகை எல்லாம் எடுத்து வெயிலில் போட்டாள். பூஞ்சணம் இல்லை.

மறுநாள் சனிக்கிழமை. அன்று காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்தது. இளங்கொழுந்து கருகிவிட்டது என்று கங்காணிமார் பேசிக்கொண்டு போனார்கள். பள்ளிக்கூடத்தில் ஞாயிறு பூசை வைப்பதற்காகப் பங்குச் சுவாமியார் அன்று அந்தியில் வருகிறார். வந்தால் முதலில் டீச்சர் வீட்டில்தான் தேத்தண்ணி. அவள் மேசைக்கு வெள்ளைத் துணி விரித்தாள், கேக் வெட்டி வைத்தாள், நாலு மணிக்கு விளக்குகளை ஏற்றினாள். அப்பா சாய்வு நாற்காலியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கண்ணயர்ந்திருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. நிம்மதியான முகம். இன்றைக்கு அடைக்க வேண்டியிருக்காதோ என்று நினைத்தாள்.

அப்போது சாமான் அறைக் கதவு தட்டப்பட்டது.

மூன்று தட்டு. ஓர் இடைவெளி. மூன்று தட்டு.

அவள் அப்பாவைப் பார்த்தாள். கம்பளி மேலே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு கையும் மடியில் இருந்தன. கதவைப் பார்த்தாள். வெளிக்கொண்டி மாட்டியபடி இருந்தது. எலி, என்றாள் மனசுக்குள். காற்று. குளிரில் மரம் சுருங்கித் தெறிக்கிறது.

மூன்று தட்டு.

அவர் கண் திறந்தார். அவள் கண்ட எந்த அந்தியிலும் அவர் முகத்தில் அப்படி ஒரு பயம் இருந்ததில்லை. அது குழம்பிய ஆளின் பயம் இல்லை. எல்லாம் தெரிந்த ஆளின் பயம்.

“வந்துட்டா” என்றார்.

“யாரும் இல்லங்கப்பா.”

“வெளியில இருந்து தட்டலம்மா. உள்ளே இருந்து தட்டுறா.”

பாதையின் கீழ்வளைவில் ஜீப் ஒன்று ஏறிவரும் சத்தம் கேட்டது. மூடுபனியில் இரண்டு மஞ்சள் கண்கள். சுவாமியார். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அப்பா எழுந்து, போர்வை நழுவ, ஜன்னலுக்குப் போய்க் கம்பளியைப் பிடித்தார். கத்துவதற்கு நெஞ்சை நிமிர்த்தினார்.

பின்னால் பல இரவுகள் பெற்றீசியா இதை நினைத்துப் பார்ப்பதாக இருந்தால், ஒன்றை மட்டும் மறைக்க முடியாது: அந்த அறைக்குள் ஏதோ இருக்கிறது என்று அவளுக்கு அப்போது தெரியும். தெரிந்துதான் அவர் தோளைப் பிடித்தாள். அவர் தரையில் காலை ஊன்றிக்கொண்டார். எழுபத்துநாலு வயது உடம்பு, ஈரச் சாக்கைப் போலக் கனத்தது. “அந்த அறை வேணாம்மா. வேற எங்கேயாச்சும் போடு. குசினியில போடு. அங்க ஆளு இருக்கும்மா.” அவள் கொண்டியைத் தூக்கினாள். கதவைத் தள்ளினாள். உள்ளே பார்க்கவில்லை. பார்க்காமலே அவரைத் தள்ளிவிட்டுக் கதவை இழுத்துக் கொண்டியை மாட்டினாள். அவர் தட்டுவார் என்று காத்திருந்தாள்.

தட்டவில்லை.

சுவாமியார் காலணியின் சேற்றைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். குளிருக்குக் கையைத் தேய்த்துக்கொண்டார். தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தார்.

“அப்பா எங்கம்மா?”

“தூங்குறாருங்க ஃபாதர்.”

“தூங்கட்டும். நல்ல மனுஷர். அம்மை வந்த வருஷம் இந்தத் தோட்டத்தைக் காப்பாத்தினவர்னு பழைய ஆளுங்க சொல்லுவாங்க.”

எந்தப் பழைய ஆட்கள் என்று அவள் கேட்கவில்லை. கேக் தட்டை நகர்த்தி வைத்தாள். அப்போதுதான் அது கேட்டது. சுவருக்கு அப்பால், மிகத் தாழ்ந்த குரலில், பேச்சு. அப்பாவின் குரல், கெஞ்சுவதுபோல. அது நின்றதும் இன்னொன்று. சொல் எதுவும் பிடிபடவில்லை. காய்ந்த தொண்டையிலிருந்து, நாட்கணக்கில் தண்ணீர் படாத நாக்கிலிருந்து வரும் குரல்.

சுவாமியார் கோப்பையை இறக்கித் தலையைச் சாய்த்துக் கேட்டார். “யாரோ பேசுற மாதிரி இருக்கே.”

“செபம் சொல்றாருங்க. தூக்கத்தில சொல்லுவாரு.”

“ரெண்டு குரல் மாதிரி…”

“பதிலையும் அவரே சொல்லுவாருங்க ஃபாதர்.”

அவர் அவள் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். கணக்கப்பிள்ளை வீட்டில் இராச்சாப்பாட்டுக்குக் காத்திருப்பார்கள் என்றார். சிலுவை வரைந்து ஆசீர் தந்துவிட்டுப் புறப்பட்டார். ஜீப்பின் சத்தம் பள்ளத்துக்குள் இறங்கி, வளைவுக்கு வளைவு சிறுத்து, அவிந்தது.

பெற்றீசியா பாலைச் சூடாக்கினாள். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு கையில் பால், ஒரு கையில் லாம்பு. நடுவறையிலிருந்து சாமான் அறைக்கு ஆறு எட்டுத்தான். ஒவ்வொரு எட்டுக்கும் குளிர் கூடியது. கதவின் கீழிடுக்கிலிருந்து அது கணுக்காலைத் தொட்டது. வேப்பிலை வாசனை. அதற்கடியில் மற்றது.

பேச்சு நின்றிருந்தது.

“அப்பா.”

லாம்பைக் கதவருகே உயர்த்தினாள்.

“அப்பா, பால் கொண்டாந்திருக்கேன்.”

பாலைத் தரையில் வைத்தாள். கொண்டியைத் தொட்டாள். இரும்பு விரலில் ஒட்டியது. தூக்கினாள். கதவைத் தள்ளினாள்.

ஒரு கை அகலம் திறந்தது. நின்றது.

உள்ளே இருட்டு. லாம்பின் வெளிச்சம் அந்த இடுக்குக்குள் போகவே இல்லை. அந்த இருட்டின் கடைசி மூலையிலிருந்து, அறையே அவ்வளவு நீளம் இல்லையே என்று அவள் நினைக்கும் தூரத்திலிருந்து, அப்பாவின் குரல் வந்தது. காலை நேரத்துக் குரல். தெளிந்த குரல்.

“பெற்றீசியா.”

இத்தனை அந்திகளில் அவர் அவள் பெயரைச் சொன்னதே இல்லை.

“பெற்றீசியா. கண்ணு. கதவை விட்டுடாதே.”

அவள் தள்ளினாள். கதவு அசையவில்லை. லாம்பைத் தாழ்த்தினாள். கதவின் விளிம்பை உள்ளிருந்து நாலு விரல்கள் பிடித்திருந்தன. அவள் இடுப்புக்கும் கீழே. தரையில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தியின் உயரத்தில். தோல் முழுக்கக் குழிகள். நகங்கள் இல்லை. நகம் இருக்க வேண்டிய இடத்தில் தேய்ந்து தேய்ந்து மழுங்கிய சதை.

அந்த விரல்களில் அவசரம் இல்லை. குளிர் வருகிறதே என்று வீட்டுக்காரி கதவைச் சாத்துவதுபோல, மெதுவாக, அவள் தோளின் முழுப் பாரத்தையும் எதிர்த்து, அவை கதவைச் சாத்தின.

பிறகு உள்ளே இரும்பு இரும்பின்மேல் உரசி நகரும் சத்தம். ஒரு கொண்டி மாட்டப்படும் சத்தம்.

அந்தக் கதவுக்கு உள்பக்கம் கொண்டியே கிடையாது.

அவள் இரண்டு உள்ளங்கைகளையும் பலகைமேல் வைத்துக்கொண்டு நின்றாள். மரத்தின் அந்தப் பக்கத்தில், சரியாக அவள் கை இருந்த இடத்தில், அப்பா தட்டத் தொடங்கினார்.